முனைவர் தேர்வு: நாவும் எழுதுகோலும்

'டாக்டர்' என்னும் இலத்தீன் சொல்லுக்குப் 'போதிக்கிறவர்' என்பதே பொருள். இன்று அப்பட்டத்தைக் குறித்துப் பேசும்போது, கட்டடம் செய்யப்பட்ட தடித்ததோர் ஆய்வேடே நம் கண்முன் நிற்கிறது. ஆனால் அப்பட்டம் தோன்றிய நாளில் ஆய்வேடு என ஒன்று இருந்ததில்லை. ஒருவர் போதிக்க வல்லவரா என்பது அவருடைய நாவினாலேயே அளந்தறியப்பட்டது. நாவினால் அளக்கப்பட்ட தகுதி எழுதுகோலினால் அளக்கப்படுவதாக மாறியது எவ்வாறு? அம்மாற்றத்தில் திருச்சபை பெற்றது யாது, இழந்தது யாது? இவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

சொற்போர்க் களம்

பாரிசுப் பல்கலைக்கழகத்திற்குப் போப்பின் தூதராகிய ராபர்ட் தெ கூர்சோன் 1215ஆம் ஆண்டில் விதிகள் வகுத்தார். முப்பத்தைந்து வயதை அடையாதவரும், எட்டாண்டுகளேனும் பயிலாதவரும் இறையியல் கற்பிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. அறிவோடு நடத்தையும் சோதித்தறியப்பட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின.

மாணாக்கர் திருமறையையும், பின்னர்ப் பீட்டர் லொம்பார்டின் 'வாக்கியங்கள்' என்னும் நூலையும் விரிவுரை செய்து பழகினர். அதன்பின் சொற்போர். தலைமை ஆசிரியர் அவையில் வீற்றிருப்பார், கருத்துரைகள் முன்வைக்கப்படும், எதிர்ப்போர் தடைகளை எழுப்புவர், பட்டத்தை நாடுபவர் விடையளிப்பார். விடையளிக்குமுன் எதிராளியின் வாதத்தைத் திரும்பவும் எடுத்துரைப்பது சொற்போரின் முறையாயிற்று. பிறர் கூற்றை நேர்மையாக எடுத்துரைக்க இயலாதவர் அதை மறுக்கவும் தகுதியற்றவர் என்னும் உயரிய நெறி இதில் அடங்கியிருந்தது.

விட்டன்பர்க்கின் வினா

மார்ட்டின் லூத்தர் 1512 அக்டோபரில் விட்டன்பர்க்கில் இவ்வழியாகவே இறையியல் டாக்டர் ஆனார். அச்சடங்கிற்குத் தலைமை வகித்தவர் கார்ல்ஸ்டாட். அன்று தாம் எடுத்த உறுதிமொழியே திருமறையைப் போதிக்கும் கடமையைத் தம்மேல் சுமத்திற்று என்று பிற்காலத்தில் லூத்தர் பன்முறை வாதாடினார். 1517ஆம் ஆண்டின் தொண்ணூற்றைந்து கருத்துரைகளும் சொற்போருக்குரிய வடிவிலேயே எழுதப்பட்டவை. தேர்வு மண்டபத்தின் கருவியே சீர்திருத்தத்தின் கருவியாயிற்று எனலாம்.

ஆனால் லூத்தருக்குப் பட்டமளித்த அதே கார்ல்ஸ்டாட் 1523இல் வியத்தகு முடிவொன்றை எடுத்தார். மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், ஒருவரும் போதகர் என அழைக்கப்படலாகாது என ஆண்டவர் உரைத்ததைச் சுட்டி, இனிப் பட்டமளிக்கும் செயலில் தாம் பங்குகொள்வதில்லை என்று அறிவித்தார். பின்னர்ச் சில ஆண்டுகள் விட்டன்பர்க்கில் இறையியல் பட்டங்கள் வழங்கப்படாமல் நின்றுபோயின. 1533இல் புகன்ஹாகன், குருசிகர், ஏபினுஸ் ஆகிய மூவருக்கும் பட்டமளித்து அவ்வழக்கம் புதுப்பிக்கப்பட்டது. இவர்களுள் புகன்ஹாகன் விட்டன்பர்க் நகர ஆயர். ஏபினுஸ் ஹாம்பர்க் திருச்சபையில் பணியாற்றியவர். சபைகளுக்குச் சோதித்தறியப்பட்ட போதகர் தேவை என்னும் உணர்வே இப்புதுப்பித்தலில் வென்றது என நாம் கருதுகிறோம். எனினும் கார்ல்ஸ்டாட்டின் வினா மறைந்துவிடவில்லை. பட்டம் சபைக்குப் பணிபுரியவா, பட்டம் பெற்றவரை உயர்த்தவா?

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். 1535இல் வெல்லர், மெட்லர் என்பார் பட்டம் பெற்றபோது, அவர்கள் காத்துரைத்த கருத்துரைகளை எழுதியவர் லூத்தரே. மாணாக்கர் புதியதொன்றைக் கண்டறிய வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பெற்றுக்கொண்ட உண்மையை விளக்கவும் காக்கவும் அவரால் இயலுமா என்பதே வினாவாயிருந்தது.

எழுத்தின் ஆட்சி

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறலாயிற்று. வோல்ஃப் என்னும் அறிஞர் 1787இல் ஹாலேயில் மொழிநூற் பயிலரங்கம் ஒன்றை நிறுவினார். மூலநூல்களைத் தாமே ஆராய்ந்து எழுதும் பயிற்சி அங்கு அளிக்கப்பட்டது. 1810இல் தோன்றிய பெர்லின் பல்கலைக்கழகத்தில் இப்போக்கு வலுப்பெற்றது. ஷ்லையர்மாகர் அதன் இறையியல் துறையின் முதல் தலைவராக விளங்கினார். புதிய அறிவை ஈட்டித் தருவதே முனைவரின் இலக்கணம் என்னும் கருத்து மெல்ல வேரூன்றியது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. தீமையும் உடன் வந்தது. சில செர்மானியப் பல்கலைக்கழகங்கள், மாணாக்கர் நேரில் வாராமலே, அனுப்பிய ஏட்டைக் கொண்டு பட்டமளித்தன. 1841இல் கார்ல் மார்க்சு யேனாவில் பட்டம் பெற்றது இவ்வாறே. அவர் உண்மையாகவே உழைத்து எழுதியவர். எல்லாரும் அத்தகையர் அல்லர். பிறர் எழுதிய ஏட்டைத் தமதெனக் காட்டிப் பட்டம் பெற்றோரும் இருந்தனர். வரலாற்றறிஞர் மொம்சன் 1876இல் இப்போலி டாக்டர்களைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். வாய்மொழித் தேர்வும், ஆய்வேட்டை அச்சிட்டு வெளியிடுதலும் வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. நாவைத் துறந்த எழுதுகோல் தன் நேர்மையையும் இழக்கக்கூடும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.

இன்றைய முறைகள்

ஆய்வுப் பட்டம் 1861இல் அமெரிக்காவின் யேல் கல்லூரியிலும், 1917இல் ஆக்ஸ்போர்டிலும் இடம்பெற்றது. வாய்மொழித் தேர்வு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இங்கிலாந்தில் அது மூடிய அறையில் தேர்வாளர் முன்னிலையில் நிகழ்கிறது. நெதர்லாந்தில் பொது அவையில் நடைபெறுகிறது; குறித்த நேரம் முடிந்ததும் கோலேந்திய அலுவலர் நுழைந்து, 'நேரமாயிற்று' என இலத்தீனில் அறிவிக்கிறார். பழைய சொற்போரின் நிழல் இன்னும் அங்கு நீடிக்கிறது. ஐரோப்பிய நாடுகள் 2005இல் ஏற்ற உயர்கல்விக் கட்டமைப்பு, முனைவர் தம் துறையினரோடு மட்டுமன்றிப் பொதுச் சமுதாயத்தோடும் உரையாட வல்லவராதல் வேண்டும் என்கிறது.

இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2009, 2016, 2022 ஆகிய ஆண்டுகளில் நெறிமுறைகள் வகுத்தது. 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைப் பணிப்பதற்குமுன் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிடவும், கருத்தரங்குகளில் இரு கட்டுரைகளை வாசிக்கவும் பணித்தன. 2022ஆம் ஆண்டு விதிகள் கட்டுரை வெளியீட்டுக் கட்டாயத்தை நீக்கின. ஆனால் ஆய்வாளர் கற்பித்தலிலும் எழுதுதலிலும் பயிற்சி பெறவேண்டும் என்றன. கட்டுரைகளை எண்ணுவது எளிது, தகுதியை எடைபோடுவது அரிது என்பதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

நமக்குரிய கடமை

நம் இறையியல் ஆய்வாளர் பலர் ஆங்கிலத்தில் எழுதுகின்றனர், தமிழில் போதிக்கின்றனர். ஆய்வேட்டில் கண்டதை வயலில் உழைத்துவரும் விசுவாசிக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைக்க அவர்களால் இயலுமா என்று எத்தேர்வாளர் கேட்கிறார்? அடிக்குறிப்புகளைச் சரிபார்க்கும் நாம் இதனையும் கேட்டல் தகும். வாய்மொழித் தேர்வின் ஒரு பகுதியைச் சபையாரும் ஆயரும் அமர்ந்திருக்கத் தமிழில் நடத்துதல் இயலாத காரியமன்று.

ஆய்வின் ஆழத்தைக் குறைக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மூலத்தை நேரிற் கண்டறியும் உழைப்பு செர்மானியப் பயிலரங்குகள் நமக்களித்த கொடை, அதைக் கைவிடலாகாது. எதிராளியின் கூற்றை முதலில் நேர்மையாகச் சொல்லும் பண்பு பாரிசும் விட்டன்பர்க்கும் அளித்த கொடை. அதையும் மீட்டுக்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் இணைந்த இடத்தில்தான் கார்ல்ஸ்டாட்டின் வினாவிற்கு நாம் நாணாமல் விடையளிக்கக்கூடும். அவ்விடத்தில் 'டாக்டர்' என்பது ஒருவரின் பெயருக்குமுன் நிற்கும் அணியாக இராது. போதிக்கிறவர் என்னும் தன் பழம்பொருளை மீண்டும் பெறும்.