கொம்பில் பொறித்த வரலாறு

நாடாண்டோர் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நிலைபெற்று நிற்கின்றது. அந்நாட்டைக் காக்கச் சென்ற எளிய வீரனின் வரலாறோ பெரும்பாலும் அவனுடனேயே மண்ணில் மறைந்துவிடுகின்றது. இப்பொது வழக்கிற்கு விலக்காய் அமைந்த சான்று ஒன்று பதினெட்டாம் நூற்றாண்டின் வட அமெரிக்காவில் உண்டு. அங்குப் போர்வீரர் தோளில் தொங்கிய மருந்துக் கொம்பு, காலப்போக்கில் அவர்தம் பெயர் தாங்கும் பட்டயமாகவே ஆயிற்று.

அக்காலத் துப்பாக்கி, குழலின் வாய்வழியே மருந்து கெட்டிக்கப்பெறும் வகையினது. வீரன் அளந்தெடுத்த வெடிமருந்தைக் குழலினுள் கொட்டி, அதன்மேல் ஈயக் குண்டினை வைத்து, நீண்ட கோலால் இடித்து இறுக்குவான். பின்னர்க் குழலின் பக்கத்தே அமைந்த சிறு கிண்ணத்தில் சிறிது பற்றுமருந்து இடுவான். விசையை இழுத்ததும் சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசிப் பொறி சிந்தும். அந்நெருப்பு சிறு துளை வழியே உட்புகுந்து குண்டினைச் செலுத்தும்.

வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு எனக் கூட்டிய கலவையே அம்மருந்து. ஈரம் பட்டால் அது பயனற்றுப் போகும். பொறி பட்டாலோ வைத்திருப்பவனையே அழிக்கும். இவ்விரு இடர்களினின்றும் மருந்தைக் காக்கும் கலமாக மாட்டுக் கொம்பு விளங்கியது. அதனுள் நீர் புகாது, இரும்பைப் போல் உரசிப் பொறி எழுப்பாது, எடையும் குறைவு. வெந்நீரில் இட்டால் இளகி, வேண்டிய வடிவினை ஏற்கும். மாடு வளர்க்கும் குடியானவனுக்கு அது காசின்றியே கிடைத்தது என்பதும் கருதத்தக்கது.

எனினும், எல்லாக் கொம்பும் மருந்துக் கொம்பாகிவிடுவதில்லை. மாட்டின் இடக் கொம்பும் வலக் கொம்பும் எதிரெதிராக முறுக்கி வளர்பவை. ஆதலின், தொங்கவிடும் பக்கத்திற்கேற்ப விலாவோடு அணைந்து கிடக்கும் வளைவினையே தேர்ந்தனர். புறத்தே துருத்தி நிற்கும் கொம்பு புதரில் சிக்கி நடப்போனைத் தடுக்கும். வெடிப்பும் புழு அரித்த துளையும் இல்லாமை வேண்டும். நுனிப்பகுதி உள்ளீடின்றித் திண்ணியதாய் இருத்தல் வேண்டும். அதனைத் துளைத்தே மருந்து வெளிவரும் வாய் அமைப்பர். அகன்ற அடிப்பகுதியை மரக்கட்டையால் இறுக அடைத்து, சிற்றாணியோ மர முளையோ அறைவர். வெளிறிய நிறக் கொம்பினை மெல்லிதாகச் சுரண்டினால் ஒளி ஊடுருவும். எஞ்சிய மருந்தின் அளவை வெளியிலிருந்தே காணலாம்.

பயன்படுத்துவதிலும் ஒரு நெறி இருந்தது. கொம்பிலிருந்து நேரே குழலினுள் மருந்து கொட்டலாகாது. முன்னர்ச் சுட்டபோது தங்கிய கனல் குழலினுள் இருப்பின், கொம்பு முழுவதும் கையிலேயே வெடித்துவிடும். ஆகவே, முதலில் சிறு அளவையில் கொட்டி, கொம்பின் வாயை அடைத்த பின்னரே குழலில் இடுதல் முறையாகும்.

1754 முதல் 1763 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வட அமெரிக்காவில் பொருதனர். கோட்டைகளில் திங்கட்கணக்கில் காத்துக் கிடந்த வீரர், கத்திமுனையாலும் ஊசியாலும் தம் கொம்புகளில் பெயரையும் ஆண்டையும் இருந்த இடத்தையும் கீறினர். அக்கீறல்களில் கரி முதலியவற்றைத் தேய்த்து எழுத்தினைத் துலங்கச் செய்தனர். ஹட்சன் ஆற்றையும் அதன் கரையிலிருந்த கோட்டைகளையும் காட்டும் நிலப்படங்களும் அவற்றுள் உள.

இக்கலையில் சிறந்தோருள் ஒருவர் ஜான் புஷ். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஷ்ரூஸ்பரி ஊரினரான இவர், அடிமைத்தளை இல்லாத கறுப்பினத்தவர். ஜார்ஜ் ஏரிப் பகுதியில் படைப்பணி புரிந்தபோது, உடனிருந்த வீரர் பலர்க்குக் கொம்பு பொறித்துத் தந்தார். 1757 ஆகஸ்டில் வில்லியம் ஹென்றிக் கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தபோது சிறைப்பட்டார். பின்னர் ஊர் திரும்பினாரில்லை. தம் இனத்தார் விலைக்கு விற்கப்பட்ட அந்நாளில், பிறர் பெயரை அழியாது நிறுத்திய கை அவருடையது. அவர் பெயரும் அக்கொம்புகளாலேயே இன்று நிலைபெற்றுள்ளது.

இக்கொம்புகளுள் நிரம்பிய மருந்திற்கும் இந்தியாவிற்கும் தொடர்புண்டு. பீகாரில் உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி எடுத்த வெடியுப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஏறி இங்கிலாந்து சென்று மருந்தாயிற்று. ஓரிடத்து ஏழையின் உழைப்பு, அவன் கண்டறியாத மற்றோரிடத்துப் போருக்கு உதவிய நிலை இது.

விடுதலை பெற்ற அமெரிக்கா 1792-இல் இயற்றிய ஊர்ப்படைச் சட்டம், ரைபிள் ஏந்துவோன் மருந்துக் கொம்பும், 20 குண்டுகளும், கால் பவுண்டு மருந்தும் கொணர்தல் வேண்டும் என விதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோகக் குடுவையும், அதன் பின்னர் மருந்தும் குண்டும் ஒன்றாயமைந்த தோட்டாவும் பரவவே, கொம்பு பரணில் ஏறியது.

அவ்வாறு ஏறியவற்றைத் தேடிச் சென்றவர் ரூஃபஸ் கிரைடர் என்னும் பெரியார். நியூயார்க் மாநிலத்து கனஜோஹரி ஊரில் ஓவியம் கற்பித்த ஆசிரியர் இவர். முதுமையிலும் தளராது வீடு வீடாகச் சென்று, கொம்பில் சுற்றிக் கிடந்த பொறிப்புகளைத் தாளில் விரித்து வண்ணத்தில் வரைந்தார். நூற்றுக்கணக்கான அவ்வோவியங்கள் நியூயார்க் வரலாற்றுக் கழகத்தில் உள்ளன. மூலக் கொம்பு தொலைந்துபோயின், அவர் வரைந்த படமே சான்றாகின்றது.

1933-இல் தோன்றிய அமெரிக்கச் சங்கம் ஒன்று பழைய துப்பாக்கி சுடுதலை விளையாட்டாக வளர்த்தது; கொம்பு தேர்தலும் மீண்டும் ஒரு கலையாயிற்று. விலை மிகவே, பழைய வெறுங்கொம்பில் போலி எழுத்துப் பொறிப்பாரும் தோன்றினர். ஆதலின் ஆய்வாளர், பொறித்த பெயரைப் படைப்பட்டியலோடு ஒப்பிட்டு நோக்கிய பின்னரே ஏற்கின்றனர். ஒரு பொய்ப்பெயரை ஏற்பதனால் மெய்யாக வாழ்ந்தவன் ஒருவனின் இடம் பறிபோகும் அன்றோ?

பேரரசர் எழுதுவித்தவை மட்டுமே வரலாறு ஆகா. எளியவன் தன் கையால் கீறிய ஒரு பெயரும் வரலாறேயாம். அதனைத் தேடுவதும், மெய்யெனத் தெளிவதும், வருவோர்க்கு விட்டுச்செல்வதும் கற்றோர் கடனாகும்.