சேர்வராயன் மலைக் காப்பியும் வீட்டாரின் அச்சமும்



படிப்பை முடித்த பிள்ளை, வேலைக்குச் செல்லாமல் சொந்தமாகத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னதும் வீட்டில் ஏற்படும் மௌனத்தை நம்மில் பலர் அறிவோம். தந்தை ஒன்றும் பேசாமல் எழுந்து செல்வார். தாயின் கண்கள் கலங்கும். வளைகுடாவிலிருந்து மாமா தொலைபேசியில் அழைத்து, விசாவுக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்வார். தங்கை திருமணம், வீட்டுக் கடன், அண்டை வீட்டுப் பிள்ளையின் மாத ஊதியம் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவூட்டப்படும். இவர்களில் ஒருவரும் அப்பிள்ளைக்குப் பகைவர் அல்லர், நேசிப்பவர்கள். நேசிப்பவர்களின் ஐயத்தை மீறுவதும் கடினம், அதற்கு அடங்கி ஆசையைப் புதைத்துவிடுவதும் கடினம். இந்த இக்கட்டில் மார்க்கமும் வரலாறும் நமக்கு என்ன வழி காட்டுகின்றன என்பதைச் சேலத்தை அடுத்த ஏற்காட்டு மலையிலிருந்து தொடங்கிச் சிந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.

மலையேறிய பயிர்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. ஏரியும் காடும் சேர்ந்து பெயராகிய ஊர். சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் இன்று இம்மலையின் அடையாளங்கள். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்குக் காப்பித் தோட்டங்கள் இல்லை. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்பவரே காப்பியையும் பேரி, ஆப்பிள் போன்ற பழமரங்களையும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தவர் என்று வரலாறு குறிப்பிடுகிறது.

இதை வாசிக்கும்போது ஒன்றை மறந்துவிடலாகாது. காக்பர்ன் ஆட்சி அதிகாரம் படைத்தவர். அவர் நட்ட செடிகள் பட்டுப்போயிருந்தாலும் அவருடைய அடுப்பு அணைந்திருக்காது. தொன்றுதொட்டு அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்கோ, சிறு முதலுடன் தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கோ அத்தகைய பாதுகாப்பு இல்லை. ஆகவே, துணிந்தவன் வென்றான் என்று ஒரே வரியில் கதையை முடித்துக்கொள்வது நேர்மையாகாது. துணிவுக்குப் பின்னால் யாருடைய சோறு பணயமாக இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும். வீட்டார் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

ஐயுறப்பட்ட பானம்

காப்பியின் முன்வரலாறே ஐயத்தின் வரலாறு. யமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கங்களில் விழித்திருப்பதற்காக அருந்திவந்த பானம் அது. அங்கிருந்து அது மக்கா நகரை அடைந்தபோது, மக்கள் கூட்டமாக அமர்ந்து அதை அருந்துவதைக் கண்ட ஆளுநர் காயிர் பெக், 1511-ஆம் ஆண்டில் அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி அதற்குத் தடை விதித்தார். மார்க்கத்தின் மீதுள்ள அக்கறையே அத்தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் அது நிலைக்கவில்லை. கெய்ரோவிலிருந்து வந்த உத்தரவு அதைத் தளர்த்தியது. பின்வந்த அறிஞர் அப்துல் காதிர் அல்ஜஸீரீ காப்பி ஆகுமானதே என்பதை நிறுவித் தனி நூலே எழுதினார். விலக்கப்பட்டதற்கு ஆதாரம் இல்லாதவரை பொருள்கள் ஆகுமானவையே என்பது ஃபிக்ஹ் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று.

17-ஆம் நூற்றாண்டில் ஹஜ் பயணம் முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர், யமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. தமிழ் மண்ணிலும் காப்பி எளிதில் வரவேற்கப்படவில்லை. நீராகாரத்தை விட்டுவிட்டுக் காப்பிக்கு அடிமையாவதா என்று 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரியவர்கள் வருந்தினார்கள். இன்று அந்தப் பெரியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் காப்பி இல்லாமல் விடிவதில்லை.

பெரியவர்களின் ஐயம் சில வேளைகளில் வெறும் பழக்கமின்மையிலிருந்து பிறக்கிறது. புதியது என்பதாலேயே ஒன்று ஆபத்தானது ஆகிவிடாது. இது ஒரு பக்கம்.

அஞ்சுவதற்கும் காரணம் உண்டு

மறுபக்கத்தையும் பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைநாடு முழுவதும் காப்பித் தோட்டங்களாக இருந்தது. தமிழகத்திலிருந்து பல்லாயிரம் ஏழைத் தொழிலாளர்கள் அங்குச் சென்று உழைத்தார்கள். 1869-இல் இலைத்துரு நோய் அங்கே கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தொழில் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தென்னிந்தியத் தோட்டங்களையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு இன்றும் அராபிகா வகைச் செடிகளுக்குப் பெரும் பகை.

நட்ட காப்பிச் செடி முதல் காய்ப்புக்கு வர மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் ஆகும். கோடையில் பூ மழை தவறினால் அந்த ஆண்டின் விளைச்சல் போயிற்று. ஏறத்தாழ 6 கிலோ பழம் பறித்தால்தான் 1 கிலோ பச்சைக்கொட்டை கிடைக்கும். அதை வறுக்கும்போது எடை மேலும் குறையும். இக்கணக்கை அறியாமல், கடையில் விற்கும் காப்பித் தூளின் விலையை மட்டும் பார்த்துத் தொழிலில் இறங்குபவர் நிச்சயம் இடறுவார். பிற தொழில்களுக்கும் இதுபோன்ற மறைந்த கணக்குகள் உண்டு. ஆகவே, தந்தையின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கும் இளைஞர், தம் அறியாமையை முதலில் சோதித்துக்கொள்ளட்டும்.

தாயின் அச்சமும் நபிகளாரின் துஆவும்

இப்போது மதீனாவுக்குச் செல்வோம். ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு (கி.பி. 629) மூத்தா போரில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். சிறு பிள்ளைகளுடன் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்கள் விதவையானார்கள். நபி (ஸல்) அவர்கள் அவ்வீட்டுக்கு வந்து, சிறுவர் அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களின் கையைப் பிடித்து உயர்த்தி, ஜஃபரின் குடும்பத்திற்கு அல்லாஹ் பொறுப்பேற்குமாறும், அப்துல்லாஹ்வின் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் அளிக்குமாறும் மும்முறை துஆ செய்தார்கள். தாயார் தம் பிள்ளைகள் அநாதைகளாகிவிட்ட நிலையை எடுத்துரைத்தபோது, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்குப் பொறுப்பாளராக நான் இருக்கும்போது இவர்களுக்கு வறுமை வந்துவிடும் என்றா அஞ்சுகிறீர் என்று கேட்டார்கள். முஸ்னத் அஹ்மதில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அச்சிறுவர் மற்றச் சிறுவர்களைப் போலப் பொருள் விற்றுக்கொண்டிருந்தபோது அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அவருடைய வணிகத்தில் பரக்கத்துக்காக துஆ செய்தார்கள் என்று மற்றோர் அறிவிப்பும் உண்டு.

தந்தையை இழந்த வீடு அது. வறுமையை அஞ்சுவதற்கு அதைவிட நியாயமான காரணம் வேறு என்ன இருக்க முடியும்? நபி (ஸல்) அவர்கள் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. அச்சிறுவரின் வணிகத்தையும் விளையாட்டு என்று அலட்சியம் செய்யவில்லை. பிள்ளையின் தொழிலுக்கு துஆவை வழங்கினார்கள். தாயின் அச்சத்திற்குத் தம் பொறுப்பையே ஈடாக வைத்தார்கள். இரண்டு தேவைகளும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் நிறைவேறின. அந்தச் சிறுவர் பிற்காலத்தில் கொடைக் கடல் என்று புகழப்படும் அளவுக்கு வள்ளலாக விளங்கினார்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒன்று நடக்கும்போது மற்றொன்று விடுபட்டுவிடுகிறது. பிள்ளைக்கு ஊக்கம் கொடுக்கும் நண்பர்கள் தாயின் அச்சத்தைக் கண்டுகொள்வதில்லை. தாய்க்கு ஆறுதல் சொல்லும் உறவினர் பிள்ளையின் ஆர்வத்தை நசுக்கிவிடுகிறார்கள்.

ஒரு தீனாரும் ஓர் ஆடும்

ஆர்வத்தைச் சோதிக்கும் முறைக்கும் நபிவழியில் முன்மாதிரி உண்டு. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவருடைய வணிகத்தில் பரக்கத்துக்காக நபி (ஸல்) அவர்கள் துஆ செய்தார்கள். மண்ணை வாங்கி விற்றாலும் அவர் இலாபம் அடைவார் என்னும் அளவுக்கு அவர் நிலை உயர்ந்தது என்று புகாரியில் இடம்பெற்றுள்ளது. கொடுக்கப்பட்டது சிறு தொகை. கேட்கப்பட்டது குறிப்பிட்ட ஒரு பணி. கணக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. அதன் பிறகே அந்த துஆ.

முதல் இல்லாதவர் முதல் உள்ளவருடன் இணைவதற்கும் வழி இருக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளைச் சிரியாவுக்குக் கொண்டுசென்றபோது நபி (ஸல்) அவர்களுக்கு வயது ஏறத்தாழ 25. முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபம் பேசிய பங்கின்படி என்னும் இந்த முறையை ஃபிக்ஹ் நூல்கள் முளாரபா என்று அழைக்கின்றன. வட்டிக் கடனில் தொடங்கிய தொழிலால் உறக்கம் இழந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறோம். மாமாவின் சேமிப்பும் மருமகனின் உழைப்பும் இப்படி இணைந்தால், விசாவுக்குச் செலவாகும் பணமே ஹலாலான ஒரு தொழிலுக்கு வித்தாகலாம்.

இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும்

இளைஞர்களே! 1942-இல் இயற்றப்பட்ட காப்பிச் சட்டத்தின்கீழ் தோட்டக்காரர்கள் தம் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே அளிக்க வேண்டியிருந்தது. 1990-களில் அந்நிலை படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் முழுமையாக நீங்கியது. இன்று ஏற்காட்டில் ஓர் ஏக்கர் வைத்திருப்பவரும் தம் கொட்டையைத் தாமே வறுத்துத் தம் பெயரில் விற்க முடியும். கதவு திறந்திருக்கிறது. ஆனால் நுழைவதற்கு முன் செடி காய்க்கும் வரையிலான ஆண்டுகளில் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்பதை எழுதித் தந்தையிடம் காட்டுங்கள். முதலில் சில கிலோ வாங்கி வறுத்து விற்றுப் பாருங்கள். உறவினரிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாயையும் எழுத்தில் பதியுங்கள்; குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை மறவாதீர்கள். தூளில் சிக்கரி கலந்தால் அதன் அளவைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். பழம் பறித்தவரின் கூலியை அவருடைய வியர்வை உலருமுன் கொடுங்கள். வீட்டாரின் ஐயத்தைச் சொற்களால் வெல்ல இயலாது. சுத்தமான கணக்கால் வெல்லலாம்.

பெற்றோர்களே! ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்ஸாரித் தோழர் சஅத் இப்னு அர்ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவரோ அன்புடன் மறுத்து, கடைவீதிக்கு வழி கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்கத் தொடங்கினார். சஅத் (ரலி) அவர்கள் அதைத் தம் அன்புக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதாமல் வழியைக் காட்டினார்கள். நாம் கொடுக்க விரும்புவதைப் பிள்ளை ஏற்காமல் வழியை மட்டும் கேட்கும் நாள் ஒன்று வரும். அன்று முழுச் சேமிப்பையும் கொட்டிக் கொடுக்க வேண்டியதில்லை; தங்கையின் திருமணத்திற்கு வைத்த நகையைத் தொடவும் வேண்டாம். இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய ஒரு தொகை, ஒரு காலக்கெடு, மாதந்தோறும் கணக்குப் பார்க்க ஓர் அமர்வு, ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் ஒரு துஆ ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். அக்கெடுவுக்குள் தொழில் நிலைக்கவில்லை என்றால், பிள்ளை தலைகுனியாமல் வீடு திரும்ப வாசல் திறந்திருக்கட்டும். தோற்றால் ஏச்சுதான் கிடைக்கும் என்று அறிந்த பிள்ளைதான் நட்டத்தை மறைக்கும், மறைக்க மேலும் கடன் வாங்கும்.

நம் பிள்ளைகளின் கொடுக்கல் வாங்கலில் வல்ல ரஹ்மான் பரக்கத் அளிப்பானாக! அவர்களை நேசிக்கும் உள்ளங்களின் அச்சத்தை நீக்கி, ஹலாலான ரிஸ்கை விசாலமாக்குவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.