வாவிக்கரை வாகனங்களும் இலத்திரனியல் அலகும்

எரிபொருளை இலத்திரனியல் முறையால் அளந்து செலுத்தும் கருவியை 1967இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் வொக்ஸ்வாகன் 1600 காருக்கென உற்பத்தி செய்தது. எரிபொருளையும் தீப்பொறியையும் ஒருங்கே ஆளும் மொட்ரொனிக் கட்டுப்பாட்டு அலகு 1979இல் பிஎம்டபிள்யூ காரிற் பொருத்தப்பெற்றது. தன் பழுதைக் குறியெண்ணால் அறிவிக்கும் பொதுமுறை 1996 முதல் அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. இயந்திரத்தின் ஓசையைச் செவியால் ஆய்ந்த மெக்கானிக், குறியெண்ணையும் வாசிக்க வேண்டியவரானார்.

ஆயின், குறியெண் சுட்டுவது பழுது தென்பட்ட மின்சுற்றையோ தொகுதியையோ ஆகும்; அதன் காரணத்தையன்று. காரணம் இடத்துக்கிடம் வேறுபடும். மட்டக்களப்பு வாவி கடலொடு கலக்கும் உவர்நீர் நிலை. இத்தகைய கரையோரங்களில் உப்பீரம் இணைப்பிகளுட் புகுந்து செம்பை அரிக்கும். உணரி அனுப்பும் மின்னழுத்தம் அதனால் திரிபுற, அலகு பொய்ச்செய்தியை மெய்யெனக் கொள்ளும். எனவே, அலகின்மீது குறைகூறுமுன் மின்வழங்கல், புவித்தொடுப்பு, இணைப்பி ஆகியவற்றை முறையே அளந்தறிதல் வேண்டும்.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை இடைநிறுத்தியது; தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. அவ்வாண்டுகளில் உள்ள வாகனத்தைப் பேணுதலே மக்களுக்கு வழியாயிற்று. அலகை மாற்றின், பல வாகனங்களில் திறப்போடு பொருந்தும் இரகசியக் குறியையும் புதிதாகப் பதிதல் வேண்டும். வெடித்த பற்றாசு ஒன்றே குறையாயின், அதனைத் திருத்தப் பழைய அலகே மீண்டும் பயன்படும். ஆதலின், மின்னளவையும் பற்றாசுத் தொழிலும் நன்கறிந்தோரை உருவாக்குதல் இப்பிரதேசத் தொழிற்கல்வியின் கடமைகளுள் ஒன்றாகும்.