பருவநிலை மாற்றமும் மாநில ஆணையங்களும்: மேரிலேண்ட் காட்டும் அனுபவம்

அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநில ஆளுநராக இருந்த மார்ட்டின் ஓமாலி, 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி நிர்வாக ஆணை ஒன்றில் கையெழுத்திட்டு, பருவநிலை மாற்றம் குறித்த மாநில ஆணையத்தை அமைத்தார். புவி வெப்பமடைவதற்குக் காரணமான வாயுக்களின் வெளியேற்றத்தை எவ்வாறு குறைப்பது, தவிர்க்க முடியாத பாதிப்புகளை எவ்வாறு எதிர்கொள்வது என்ற இரு கேள்விகளுக்கும் விடை காணும் பொறுப்பு அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

அப்போது வாஷிங்டனில் இருந்த அரசு இவ்விஷயத்தில் அக்கறை காட்டவில்லை. கியோட்டோ உடன்படிக்கையை ஏற்கப் போவதில்லை என்று 2001-ஆம் ஆண்டிலேயே அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்துவிட்டார். கரியமில வாயுவும் காற்றை மாசுபடுத்தும் பொருள்தான், அதைக் கட்டுப்படுத்த மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2007 ஏப்ரல் 2-ஆம் தேதி. மேரிலேண்ட் ஆணையம் பிறந்தது அதற்குப் பதினெட்டு நாட்கள் கழித்து. மத்திய அரசு விட்ட இடத்தை மாநிலங்கள் நிரப்ப முயன்ற காலம் அது.

மூழ்கும் கரைகள்

மேரிலேண்ட் முந்திக்கொண்டதற்குப் புவியியல் காரணமும் இருந்தது. செசபீக் விரிகுடா இம்மாநிலத்தை ஏறக்குறைய இரண்டாகப் பிளக்கிறது. ஓதநீர் ஏறி இறங்கும் கரையின் மொத்த நீளம் 3,000 மைல்களுக்கும் அதிகம். கடந்த நூற்றாண்டில் இங்கு நீர்மட்டம் சுமார் ஓர் அடி உயர்ந்தது. கடல் உயர்வது மட்டும் இதற்குக் காரணமல்ல, நிலமும் தாழ்ந்துகொண்டிருக்கிறது. பனியுகத்தில் வடக்கே இருந்த மாபெரும் பனிப்பாளத்தின் எடையால் இப்பகுதி மேலெழும்பியிருந்தது. அந்தப் பாளம் உருகிய பிறகு, பல்லாயிரம் ஆண்டுகளாக நிலம் மெல்லக் கீழிறங்கி வருகிறது. நிலத்தடி நீர் உறிஞ்சப்படுவதும் சேர்ந்துகொள்ள, உலக சராசரியைவிட வேகமாக இங்கு நீர் ஏறுகிறது.

விளைவுகளைக் கண்ணால் பார்க்கலாம். பிளாக்வாட்டர் தேசிய வனவிலங்குப் புகலிடத்தில் 1930-களுக்குப் பின் ஏறத்தாழ 5,000 ஏக்கர் சதுப்பு நிலம் திறந்த நீர்ப்பரப்பாக மாறிவிட்டது. ஹாலண்ட் தீவில் 1910-ஆம் ஆண்டு வாக்கில் முந்நூறுக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். கரை அரிப்பால் அவர்கள் வீடுகளைக் கழற்றிப் படகுகளில் ஏற்றிக்கொண்டு பெருநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். எஞ்சியிருந்த கடைசி வீடு 2010 அக்டோபரில் நீரில் சரிந்தது. மாநிலத் தலைநகரான அனாபொலிஸில், புயல் இல்லாத நாட்களிலும் ஓதம் பெருகித் தெருவுக்குள் வருவது வாடிக்கையாகிவிட்டது.

பரிந்துரையிலிருந்து சட்டத்துக்கு

ஆணையத்தில் தொடக்கத்தில் இடம்பெற்றவர்கள் மாநில அரசுத் துறைகளின் தலைவர்கள் 16 பேரும், சட்டமன்ற உறுப்பினர்கள் 6 பேரும். அறிவியல், வாயுக் குறைப்பு, தகவமைப்பு என மூன்று பணிக்குழுக்கள் இயங்கின. அறிவியல் குழுவுக்குத் தலைமை வகித்தவர் கடல்சார் அறிவியலாளர் டொனால்ட் போஷ். அமைச்சரக நிலையில் உள்ளவர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே மேசையில் அமர்த்தியதுதான் இந்த அமைப்பின் பலம் என்று சொல்ல வேண்டும். கடல்மட்டம் குறித்த மதிப்பீட்டை ஆய்விதழில் படித்து அறிவதும், அதையே ஆணையத்தின் ஆவணமாகப் பெற்றுக்கொண்டு சாலைத் துறையின் தலைவர் பதில் சொல்ல வேண்டியிருப்பதும் ஒன்றல்ல.

2008 ஆகஸ்டில் ஆணையம் தன் செயல்திட்டத்தை வெளியிட்டது. ஆனால் ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டளையிட முடியாது. வாயு வெளியேற்றத்தைக் கட்டாயமாகக் குறைக்க வகைசெய்யும் மசோதா ஒன்று அதே 2008-இல் சட்டமன்றத்தில் தோல்வியடைந்திருந்தது. அதை வீழ்த்தியதில் பெரும் பங்கு, பால்டிமோர் அருகே ஸ்பாரோஸ் பாயிண்ட் எஃகு ஆலையில் வேலை செய்த தொழிலாளர்களின் சங்கத்துக்கு உண்டு. கட்டுப்பாடு வந்தால் ஆலை வேறிடம் போய்விடும், வேலை போய்விடும் என்பது அவர்கள் அச்சம். சுற்றுச்சூழல் இயக்கங்கள் மறு ஆண்டு அந்தச் சங்கத்துடன் பேசி, மத்திய சட்டம் கோரினாலன்றி உற்பத்தித் தொழில்கள் மீது மாநிலம் கட்டாயம் விதிக்காது என்ற விதிவிலக்குக்கு உடன்பட்டன. அதன் பிறகே, 2006-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2020-க்குள் 25 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற சட்டம் 2009-இல் நிறைவேறியது. ஸ்பாரோஸ் பாயிண்ட் ஆலை 2012-இல் எப்படியும் மூடப்பட்டுவிட்டது. காரணம் பருவநிலைச் சட்டமல்ல, எஃகுச் சந்தை.

தகவமைப்புப் பணியில் பலன் மெதுவாகவே தெரிந்தது. சாண்டி சூறாவளி தாக்கிய இரண்டு மாதங்களில், 2012 டிசம்பரில், அரசின் புதிய கட்டடங்கள் நூறாண்டு வெள்ள மட்டத்திலிருந்து குறைந்தது இரண்டு அடி உயரத்தில் கட்டப்பட வேண்டும் என்று ஆளுநர் ஆணையிட்டார். அதைத் தொடர்ந்து 2013-இல் வெளியான அறிவியல் மதிப்பீடு, 2100-க்குள் நீர்மட்டம் சுமார் 3.7 அடி உயரக்கூடும் என்று கணித்தது.

மக்களிடம் போகும்போது கணிப்புகள் வேறு வடிவம் எடுக்கின்றன. படகில் மட்டுமே செல்லக்கூடிய ஸ்மித் தீவில் சாண்டிக்குப் பின் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள மாநிலம் முன்வந்தபோது, நண்டு பிடித்து வாழும் தீவு மக்கள் மறுத்துவிட்டனர். அரசு தங்களைக் கைகழுவப் பார்க்கிறது என்றே அவர்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். தமிழகத்தில் ஆழிப்பேரலைக்குப் பின் கரையை விட்டு நகரச் சொல்லப்பட்ட மீனவர்களின் மனநிலையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆளுநர் மாறியபோது

நிர்வாக ஆணையால் பிறந்த அமைப்பை அடுத்த ஆளுநர் ஒரு கையெழுத்தில் கலைத்துவிட முடியும். ஜனநாயகக் கட்சியின் ஓமாலிக்குப் பின் 2015 ஜனவரியில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லேரி ஹோகன் பதவியேற்றபோது அந்தக் கேள்வி எழுந்தது. சட்டமன்றம் அதே ஆண்டில் ஆணையத்தைச் சட்டபூர்வ அமைப்பாக்கியது. ஹோகன் அதில் கையெழுத்திட்டார். வணிகம், தொழிற்சங்கம், உள்ளாட்சி ஆகியவற்றின் பிரதிநிதிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆண்டுதோறும் ஆளுநருக்கும் சட்டமன்றத்துக்கும் அறிக்கை தர வேண்டும் என்பது விதியாயிற்று. 2030-க்குள் 40 விழுக்காடு குறைப்பு என்ற அதன் பரிந்துரை 2016-இல் சட்டமாகி, அதிலும் ஹோகன் கையெழுத்திட்டார். 2022-இல் இலக்கு 2031-க்குள் 60 விழுக்காடு என்றும், 2045-க்குள் நிகர வெளியேற்றம் பூஜ்யம் என்றும் உயர்த்தப்பட்டபோது அவர் கையெழுத்திட மறுத்தார். அவரது ஒப்பமின்றியே அது சட்டமானது.

ஆயினும், சட்டமும் முழுக் காப்பல்ல. புளோரிடா மாநிலம் எரிசக்தி மற்றும் பருவநிலை ஆணையத்தை 2008-இல் சட்டத்தின் மூலமே அமைத்தது. ஆட்சி மாறிய பின் 2011-இல் அது ஒழிக்கப்பட்டது. வட கரோலினாவில் 2005-இல் சட்டமன்றமே ஓர் ஆணையத்தை உருவாக்கியது. அது 2010-இல் அறிக்கை தந்து முடிந்தது. அதே ஆண்டில் அம்மாநிலக் கடலோர ஆணையத்தின் அறிவியலாளர்கள், நூற்றாண்டு முடிவில் கடல் ஒரு மீட்டர் உயரக்கூடும் என்றனர். நிலமனை வணிகர்களின் எதிர்ப்பைத் தொடர்ந்து, அத்தகைய கணிப்புகளை விதிமுறைகளில் பயன்படுத்துவதைச் சில ஆண்டுகளுக்குத் தடுக்கும் சட்டம் 2012-இல் வந்தது. மேரிலேண்டில் ஆணையம் நிலைத்ததற்குச் சட்டப் பிரிவைவிட, இரு கட்சியினரும் எஃகுத் தொழிலாளரும் ஏதோ ஒரு கட்டத்தில் அதில் பங்குபெற்றதே முக்கியக் காரணம் எனலாம். முதலமைச்சரைத் தலைவராகக் கொண்டு தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட பருவநிலை மாற்ற ஆட்சிமன்றக் குழுவும் அரசாணையில் பிறந்ததே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

எண்ணிக்கையும் உண்மையும்

2020 இலக்கை மேரிலேண்ட் தாண்டிவிட்டது. குறைப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு என்கிறது மாநிலக் கணக்கு. ஆனால் அது பெருந்தொற்றால் சாலைகள் வெறிச்சோடிய ஆண்டு. மேலும், குறைப்பின் பெரும்பகுதி நிலக்கரி மின்நிலையங்கள் ஓய்ந்ததால் வந்தது. மலிவான இயற்கை எரிவாயுவுக்கும் அதில் பங்குண்டு. வடகிழக்கு மாநிலங்கள் 2009 முதல் கூட்டாக நடத்திவரும் கரியமில வாயு ஏலத் திட்டத்துக்கும் பங்குண்டு. எதற்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதல்ல. எளிதில் குறைக்கக்கூடியது குறைந்துவிட்டது. கார்களும் வீடுகளைச் சூடாக்கும் எரிபொருளும் மிச்சமிருக்கின்றன. அவை வாக்காளர்களின் அன்றாடச் செலவைத் தொடுபவை.

இதற்கிடையே வானம் காத்திருக்கவில்லை. இந்திய வம்சாவளியினர் கணிசமாக வாழும் ஹோவர்ட் கவுண்டியில், எலிகாட் சிட்டி என்ற பழைய ஊரின் கடைத்தெருவை 2016 ஜூலையில் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டு மணி நேரத்தில் ஆறு அங்குலம் மழை, இருவர் பலி. கடைகள் மீண்டும் திறந்து அதிக காலம் ஆகாத நிலையில் 2018 மே மாதத்தில் அதே தெருவில் மறுபடியும் வெள்ளம். மலைச்சரிவில் ஓடைகள் சேரும் இடத்தில் அமைந்த ஊர் என்பதும், சுற்றிலும் பெருகிய கட்டடங்களும் சேதத்தைக் கூட்டின. கடலோரத்தை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்ட ஆணையம், உள்நாட்டு மழைவெள்ளத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று.

2031 இலக்கை அடைவதற்கான திட்டத்தை மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2023 டிசம்பரில் வெளியிட்டது. அதை நிறைவேற்ற ஆண்டுக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர் பொதுப்பணம் தேவை என்று அத்திட்டமே மதிப்பிட்டது. 2025-இல் மாநிலத்தின் வரவு செலவுக் கணக்கில் சுமார் முந்நூறு கோடி டாலர் பற்றாக்குறை இருந்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா பாரிஸ் உடன்படிக்கையிலிருந்து இரண்டாவது முறையாக விலகுவதாக அறிவித்தது. மத்திய அரசின் மானியத்தை நம்பி வகுத்த பகுதிகளுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதை ஆணையம் பரிந்துரைக்கலாம். ஒதுக்க வேண்டியது சட்டமன்றம்.