கடல் கடந்த சீனரும் திருமணப் பதிவும்

திருமணம் என்பது இரு உள்ளங்களின் இணைப்பு என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். ஆயின், அவ்விணைப்பை உலகம் ஏற்க வேண்டுமானால் அதற்குச் சான்று வேண்டும். பொய்யும் வழுவும் மனிதரிடையே புகுந்த பிறகே மணச் சடங்குகள் வகுக்கப்பட்டன என்னும் தொல்காப்பியரின் கருத்தை நாம் வகுப்பறையில் விளக்குகின்றோம். சொந்த ஊரில் மணப்பவர்க்கு ஊரே சான்று, உறவே சான்று. கடல் கடந்து சென்றவனுக்கோ ஊரும் இல்லை, உறவும் இல்லை. அப்படியானால் அவன் திருமணத்திற்கு யார் சான்று? இவ்வினாவுக்கு விடை காணச் சீனர் சமுதாயம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பட்ட பாட்டை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் அண்டை வீட்டாரின் வரலாறு இது. இதில் நமக்கும் பாடம் உண்டு.

சடங்கே சான்று

பழைய சீனாவில் திருமணம் அரசின் அலுவல் அன்று. அது குடும்பத்தின் அலுவல். தரகர் மூலம் பெண் பேசுவர். இருவரின் பிறந்த ஆண்டு, திங்கள், நாள், நாழிகை ஆகியவற்றைக் கொண்டு பொருத்தம் பார்ப்பர். சீர்வரிசை மாற்றிக்கொள்வர். மணமகள் பல்லக்கில் வந்து, விண்ணையும் மண்ணையும் வணங்கி, முன்னோரை வணங்கி, மாமன் மாமிக்குத் தேநீர் வழங்கினால் அவள் அவ்வீட்டு மருமகள். குலத்தின் வழிமுறை ஏட்டில் அவளுக்கு ஓரிடம் கிடைக்கும். எந்த அலுவலகத்திலும் எவரும் கையெழுத்திட்டதில்லை.

பூக்கியன், குவாங்துங் மாநிலங்களிலிருந்து ஆடவர் பல்லாயிரவராகத் தென்கடல் நாடுகளுக்குப் புறப்பட்டபோது இம்முறைக்குச் சோதனை வந்தது. மகன் மலாயாவின் ஈயச் சுரங்கத்தில் இருப்பான். பெற்றோர் ஊரில் அவனுக்குப் பெண் பார்த்து முடிப்பர். மணநாளில் மணமகன் இல்லை. அவனுக்குப் பதிலாக ஒரு சேவலை நிறுத்தி, அதனுடன் மணமகள் முன்னோரை வணங்குவாள். கேட்பதற்கு நகைப்பாக இருக்கலாம். அப்பெண்ணுக்கு அது வாழ்க்கை. கணவனின் முகத்தைப் பல ஆண்டுகள் கழித்துக் கண்டவரும் உண்டு. காணாமலே முதுமை எய்தியவரும் உண்டு. அவனோ இங்கே மற்றொரு பெண்ணை மணந்து மற்றொரு குடும்பம் அமைத்திருப்பான். இதனைச் சீனர் ‘இருதலைக் குடும்பம்’ என்றே வழங்கினர். இரு கரையிலும் சடங்கு உண்டு; இரு கரையிலும் சாட்சி உண்டு. ஆனால், ஒரு கரையின் சாட்சிக்கு மறு கரையின் செய்தி தெரியாது.

ஆறு விதவையர்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் 1826-ஆம் ஆண்டு நீதிப் பட்டயத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் நிலைபெற்றது. ஆங்கிலச் சட்டம் ஒருவனுக்கு ஒருத்தி என்பது. சீன வழக்கமோ முதன் மனைவியோடு இரண்டாம் நிலை மனைவியரையும் ஏற்பது. இரண்டும் மோதியது பெரும்பாலும் மணவறையில் அன்று, பிணவறைக்குப் பின்னர்தான். செல்வர் ஒருவர் இறந்தால் அவர் சொத்து யாருக்கு என்னும் வழக்குகள் நீதிமன்றம் ஏறின.

அவற்றுள் புகழ்பெற்றது சிங்கப்பூரில் 1908-இல் தீர்ப்பளிக்கப்பட்ட ‘ஆறு விதவையர் வழக்கு’. செல்வந்தரான சீனர் ஒருவர் இறந்தபின் ஆறு பெண்கள் தாமே அவருடைய விதவை என உரிமை கோரினர். எந்தச் சடங்கு நடந்தால் அது திருமணம்? தேநீர் வழங்கியது போதுமா? முன்னோரை வணங்கியது போதுமா? சாட்சிகள் ஆளுக்கொன்று கூறினர். சீனரின் திருமணம் பலதார மணமே என்றும், இரண்டாம் நிலை மனைவியர்க்கும் சொத்தில் பங்குண்டு என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. பின்னர் 1920-இல், பினாங்கிலிருந்து சென்ற ஒரு முறையீட்டில், இலண்டன் பிரிவி கவுன்சிலும் இரண்டாம் நிலை மனைவியின் உரிமையை ஏற்றது.

இத்தீர்ப்புகள் பெண்களுக்கு நன்மை செய்தன என்று கூறலாம். ஆயின், அந்நன்மையைப் பெற அவர்கள் தந்த விலையை எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் உயிரோடு இருந்தவரை ஊரார் கண்ணுக்கு மனைவியாக இருந்தவள், அவன் இறந்த பிறகு நீதிமன்றத்தில் நின்று, ‘நான் மனைவிதான்’ என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டுத் தாள் இருந்திருந்தால் அந்நிலை நேர்ந்திராது.

இக்குழப்பத்தைத் தீர்க்க நீரிணைக் குடியேற்ற அரசு சீனர் திருமணக் குழு ஒன்றை அமைத்தது. 1926-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. திருமணத்திற்கு இன்றியமையாத சடங்கு எது என்பதில் சீனரிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதே அக்குழு கண்ட உண்மை. கட்டாயப் பதிவு வரவில்லை. 1940-இல் குடியியல் திருமணச் சட்டம் இயற்றப்பட்டபோதும், விரும்பியவர் பதிவு செய்யலாம் என்ற அளவிலேயே அது நின்றது.

இரத்தவழிக் குடியுரிமை

இதே காலத்தில் சீன அரசும் தன் மக்களைத் தேடி வந்தது. வெளிநாட்டில் சீனா நிறுவிய முதல் துணைத் தூதரகம் 1877-இல் சிங்கப்பூரில் அமைந்ததே. வெளிநாடு சென்றோர் ஊர் திரும்புவதற்கு இருந்த பழைய தடையை மஞ்சு அரசு 1893-இல் முறைப்படி நீக்கியது. 1909-இல் அவ்வரசு இயற்றிய குடியுரிமைச் சட்டம், சீனத் தந்தைக்கு எந்நாட்டில் பிறந்தாலும் பிள்ளை சீனக் குடிமகனே என்றது. பினாங்கில் பிறந்த குழந்தை ஒரே நேரத்தில் பிரிட்டிஷ் குடியாகவும் சீனக் குடியாகவும் ஆயிற்று.

சீனக் குடியரசின் குடியியல் சட்டத்தில் குடும்பப் பகுதி 1931-ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. திருமணம் செல்லுபடியாக அது கேட்டவை இரண்டே: பலரறிய ஒரு சடங்கு, குறைந்தது இரண்டு சாட்சிகள். அரசுப் பதிவை அது வலியுறுத்தவில்லை. கடல் கடந்தவர்க்கு இது எளிதாயிற்று. சங்க மண்டபத்திலோ உணவு விடுதியிலோ விருந்து நடக்கும். அச்சிட்ட மணச் சான்றிதழில் மணமக்களும், திருமணத்தை நடத்திவைத்தவரும், அறிமுகம் செய்தவர்களும் முத்திரையிடுவர். நாளிதழில் அறிவிப்பு வெளிவரும். அக்காலத்தில் இது போதுமானதாக இருந்தது.

1950-ஆம் ஆண்டு நிலைமை மாறியது. அவ்வாண்டு சனவரியில் பிரிட்டன் மக்கள் சீனத்தை ஏற்றது. மலாயாவிலிருந்த பழைய குடியரசின் துணைத் தூதரகங்கள் மூடப்பட்டன. மே முதல் நாள் மக்கள் சீனத்தின் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் நிலை மனைவியர் முறையையும் குழந்தை மணத்தையும் அது ஒழித்தது. மணமக்கள் இருவரும் நேரில் சென்று அரசு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்றது. சடங்கு போய்ப் பதிவேடு வந்தது. ஆனால், இங்கே குடியிருந்த சீனக் குடிமக்கள் எந்த அலுவலகத்திற்குச் செல்வது? மலேசியாவுடன் சீனா அரசதந்திர உறவு கொண்டது 1974 மே 31-இல். சிங்கப்பூருடன் 1990 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் அவர்களுடைய நாட்டின் பதிவேடு அவர்களுக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. எனவே, குடியிருக்கும் நாட்டின் சட்டமே அவர்களுக்குப் புகலிடமாயிற்று.

ஒரே நாளில் இரு சட்டங்கள்

1980-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் சீனாவின் தேசிய மக்கள் பேராயம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று குடியுரிமைச் சட்டம். மற்றொன்று திருமணச் சட்டம். முதலாவது, இரட்டைக் குடியுரிமையைச் சீனா ஏற்காது என்று உறுதி செய்தது. இரண்டாவது, மணவயதை ஆணுக்கு 22 என்றும் பெண்ணுக்கு 20 என்றும் உயர்த்திப் பதிவை மீண்டும் வலியுறுத்தியது. யார் சீனக் குடிமகன், எது திருமணம் என்னும் இரு வினாக்களுக்கும் ஒரே நாளில் விடை எழுதப்பட்டது எனலாம். 1983-இல் வெளிநாட்டுவாழ் சீனரின் திருமணம் பற்றித் தூதரகங்கள் பின்பற்ற வேண்டிய விதிகளும் வகுக்கப்பட்டன.

இன்று வெளிநாட்டில் மணக்க விரும்பும் சீனக் குடிமக்களுக்கு வழிகள் இரண்டு. தாம் வாழும் நாட்டின் சட்டப்படி, அந்நாட்டுப் பதிவதிகாரியிடம் பதிவது ஒன்று. இருவரும் சீனக் குடிமக்களாக இருந்து, அந்நாடும் இசைந்தால், தங்கள் தூதரகத்திலேயே பதிவது மற்றொன்று. மணமக்களுள் ஒருவர் பிற நாட்டவரானால் தூதரகத்தின் கதவு திறவாது; உள்நாட்டுப் பதிவே வழி. இரு வழியிலும் தாம் ஏற்கெனவே மணமானவர் அல்லர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். இருதலைக் குடும்பத்தின் நினைவு இந்த ஒரு தாளில் உறைந்திருக்கிறது.

2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சீனச் சட்டம் ஒன்று, மணம் நிகழ்ந்த நாட்டின் விதிப்படி நடந்த சடங்குமுறையைச் சீனாவும் ஏற்கும் என்கிறது. அயல்நாட்டு ஆவணங்களைச் சீனாவில் காட்டுவதற்கு முன்பு அந்நாட்டு அலுவலகமும் சீனத் தூதரகமும் அடுத்தடுத்து உறுதி செய்ய வேண்டியிருந்தது. 2023 நவம்பர் 7 முதல், ‘அப்போஸ்டில்’ உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் ஆவணங்களுக்கு ஒரே சான்று போதும் என்றாயிற்று.

நமக்குரிய பாடம்

சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15-ஆம் நாளும், மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுச் சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் 1982 மார்ச் முதல் நாளும் நடைமுறைக்கு வந்தன. சீனர்க்கு மட்டும் அன்று. முஸ்லிம் அல்லாத நம் அனைவர்க்கும் ஒருதார மணமும் பதிவும் சட்டமாயின. ஆறு விதவையர் கதை இனி எழாது என்று நாம் மகிழலாம். ஆயினும், பதிவை மறந்தால் வேறொரு கதை எழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டு மாணவர் பதிவுக்காகத் தமிழர் ஒருவர் தம் மகளை அழைத்துக்கொண்டு என் அலுவலகத்திற்கு வந்தார். அவர் மனைவி சீனாவிலிருந்து வந்தவர். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் குடியுரிமைக்குரிய இடத்தில் ‘குடிமகள் அல்லர்’ என்றிருந்தது. பெற்றோரின் திருமணச் சான்றிதழைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, கோவிலில் முந்நூறு பேர் பார்க்கத் தாலி கட்டினேன். அது போதாதா?” என்றார்.

போதாது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பதிவில்லாத் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் குடியுரிமையையே நம் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை கணக்கில் கொள்கிறது. தாய் சீனக் குடிமகளாதலின், இந்நாட்டில் பிறந்து, தமிழ் பேசி, தமிழ்ப்பள்ளி வாசலில் நின்ற அப்பிள்ளை இந்நாட்டின் குடிமகள் ஆகவில்லை. பின்னர் அவர்கள் திருமணத்தைப் பதிந்தனர். பிள்ளைக்காக விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். முந்நூறு பேரின் வாழ்த்து பொய்யன்று. ஆனால், அந்த முந்நூறு பேரும் பதிவேட்டில் இல்லை.

சேவலின் அருகில் நின்று மணந்த பெண்ணுக்கும், நீதிமன்றத்தில் நின்ற அறுவருக்கும், என் அலுவலகத்தில் நின்ற இச்சிறுமிக்கும் இடையே நூறாண்டு இடைவெளி உண்டு. சான்றில்லாத் திருமணத்தின் சுமையை மணமகன் சுமப்பதில்லை. மனைவியும் பிள்ளையுமே சுமக்கின்றனர் என்பது மூவர் கதையிலும் ஒன்றே.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! அயல்நாட்டில் மணமுடிக்கும் நம்மவர் ஆறு மாதத்திற்குள் நம் தூதரகத்திலோ, தாயகம் திரும்பியபின் பதிவலுவலகத்திலோ பதிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியே. கோவிலில் மணமுடிப்போர் தாலி கட்டும் முன்பே பதிவுக்கு வழி செய்துகொள்வது நன்று. நம் இல்லத்திலும் உறவிலும் திருமணப் பேச்சு எழும்போது நாள் பார்ப்பதோடு பதிவையும் பார்க்கச் சொல்வோம். சடங்கு நம் முன்னோருக்கு நாம் செலுத்தும் மரியாதை. பதிவு நம் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.