கொட்டியாரக் குடாவின் தேனும் கொச்சிக்காயும்

கோழிச் செட்டையை இனிப்பும் உறைப்பும் கலந்து மெதுமின்சட்டியில் வேகவைக்கும் முறை இன்று புலம்பெயர்ந்த தமிழர் வீடுகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் காலையில் வேலைக்குப் புறப்படுமுன் சட்டியில் இட்டு மூடிவிட்டுச் செல்கிறார்கள். மாலையில் திரும்பும்போது கறி தயாராக இருக்கிறது. இது அமெரிக்கரின் பண்டம் என்றும், நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்கத் தொடர்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் இனிப்பு, உறைப்பு, மெதுநெருப்பு ஆகிய மூன்றின் கதையையும் கிண்ணியாவில் நின்றபடியே சொல்லிவிட முடியும் என்பது என் கருத்து.

முதலில் ஓர் இடவிளக்கம். கிண்ணியா வேறு, கன்னியா வேறு. ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியா திருகோணமலை நகருக்கு வடமேற்கே இருக்கிறது. நான் பேசுவது நகருக்குத் தெற்கே, தம்பலகாமக் குடாவின் வாயிலில் அமைந்த, முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியா. கொழும்புப் பத்திரிகைக் காரியாலயங்களில் இவ்விரு பெயர்களும் இடம் மாறி அச்சேறியதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாவுக்குச் செல்வோர் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் நீரைக் கடந்தனர். சாலையைக் குறிக்கும் சொல்லே மிதவைக்கும் பெயரானது.

கிண்ணியாவுக்குக் கிழக்கே கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கிறது. அதன் தென்கரையில் மூதூர். 1660ஆம் ஆண்டு, புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் இக்குடாவுக்குள் நுழைந்தது. கப்பற்றலைவரையும் அவருடைய மகன் ரொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாகத் திரிந்து, 1679இல் தப்பி, 1681இல் இலண்டனில் தன் நூலை வெளியிட்டார். இலங்கை வரலாறு படிக்கும் மாணவர் அனைவரும் அறிந்த நூல் அது.

அரசியலுக்காகவும் வேளாண்மைச் செய்திகளுக்காகவும் எல்லோரும் புரட்டும் அந்நூலில், வேடர்களைப் பற்றிய பகுதியில், சமையல் வரலாற்றுக்குரிய ஒரு குறிப்பு இருக்கிறது. வேடர்கள் மரமொன்றைக் குடைந்து, அப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை அதில் நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். பஞ்ச காலத்தில் எடுத்து உண்பர் என்று நொக்ஸ் எழுதுகிறார். இறைச்சியோடு இனிப்பைச் சேர்ப்பது மேலைநாட்டுக் கெடுபழக்கம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான். இனிப்பு அங்கே சுவைக்காக மாத்திரம் சேரவில்லை; இறைச்சியைக் காப்பதற்காகவும் சேர்ந்தது. தேனில் நீர் மிகக் குறைவு. அழுகச்செய்யும் நுண்ணுயிர்கள் அதில் பெருக இயலாது. இந்த இரசாயனத்தைக் காட்டில் வாழ்ந்தவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

உறைப்பின் கதை வேறு. தமிழர் சமையலில் முன்னாளில் காரம் தந்தது மிளகே. சங்க இலக்கியத்தில் 'கறி' என்ற சொல் மிளகையே குறித்தது என்பதை நினைவில் கொள்க. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492இல் கொலம்பஸ் அங்கே சென்ற பின்னரே அது உலகின் பிற பகுதிகளுக்குப் பரவியது. போர்த்துக்கேயர் வழியாக இந்தியக் கரைகளுக்கு வந்தது. தமிழகத்தில் அதற்கு மிளகு போன்ற காய் என்று பெயரிட்டனர். கிழக்கிலங்கையிலோ அதைக் கொச்சிக்காய் என்கிறோம். கொச்சித் துறையிலிருந்து வந்த காய் என்பது அப்பெயரின் பொருள். சிங்களவரும் சிறிய உறைப்பு மிளகாயைக் கொச்சி என்றே அழைக்கின்றனர். பொருள் வந்த கடல்வழியைப் பெயரே சொல்லிவிடுகிறது. குசினி, தாச்சி, பாண் முதலிய சொற்களும் அதே போர்த்துக்கேயக் கப்பல்களில் வந்தவைதாம்.

சீனியும் அப்படித்தான். வெள்ளைச் சர்க்கரையைச் சீன தேசத்தின் பெயரால் சீனி என்கிறோம். கிண்ணியாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் குடாவும் சீனக்குடா! கித்துள் கருப்பட்டியும் பனங்கட்டியும் தேனும் இருந்த குசினியில் சீனி நுழைந்தபின், இலங்கைச் சமையலின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்று பிறந்தது. சீனிச் சம்பலைத்தான் சொல்கிறேன். வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, மாசித்தூளும் கொச்சிக்காய்த்தூளும் புளியும் சேர்த்து, சிறு நெருப்பில் நெடுநேரம் கிளறி, இறுதியில் சீனி இட்டு இறக்குவர். இனிப்பு, உறைப்பு, புளிப்பு, மெதுநெருப்பு ஆகிய நான்கும் அதில் ஒன்றுகூடுகின்றன. முஸ்லிம் திருமண விருந்துகளில் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, நெய்ச்சோற்றுக்கும் பொரித்த கோழிக்கும் அருகே இனிப்பும் உறைப்பும் கலந்த அச்சாறு இருப்பதும் இதே சுவைநெறியின் பாற்பட்டதே. திருகோணமலை மாவட்டத்துக்குச் சீனியோடு நேரடி உறவும் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியுடன் கந்தளாயில் அமைந்த சீனித் தொழிற்சாலை 1960இல் இயங்கத் தொடங்கி, 1990களில் மூடப்பட்டது. துருப்பிடித்த அதன் இயந்திரங்களைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரையே வேண்டும்.

இனி மெதுநெருப்பு. ஊர்க்கோழியைச் சமைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓடியாடி, கிளறி மேய்ந்து, ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்த கோழியின் தசை இறுகியிருக்கும். எலும்பையும் தசையையும் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் அதில் மிகுதி. கொதிக்கக் கொதிக்க வைத்தால் தசை சுருங்கி மேலும் இறுகும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் வைத்தால் கொலாஜன் உருகி ஜெலற்றினாக மாறும். குழம்பு தானாகவே தடிக்கும். இதற்கு மண்சட்டியைவிடப் பொருத்தமான பாத்திரம் இல்லை. மண் வெப்பத்தை மெல்ல வாங்கி மெல்ல விடும். கிண்ணியா வீடுகளில் நோன்பு மாதத்தில் சஹருக்கு வேண்டிய கறியை இரவே சிரட்டைத் தணலில் ஏற்றி மூடிவைத்துவிட்டு உறங்கிய உம்மம்மாமார் இந்த விஞ்ஞானத்தை ஒருவரிடமும் படிக்கவில்லை.

இதே தேவை, இன்னொரு மதத்தவரின் வீட்டில், இன்றைய மின்சட்டிக்கு வித்தாயிற்று என்பது வரலாற்றின் அழகிய திருப்பம். யூதர்கள் தமது ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவதில்லை. ஆகவே வெள்ளி மாலையிலேயே அவரையும் இறைச்சியும் தானியமும் நிறைந்த 'சோலண்ட்' சட்டியை வெதுப்பகத்து அடுப்பில் வைத்து, அணையும் சூட்டில் இரவு முழுவதும் வேகவிட்டு, மறுநாள் எடுத்து உண்பர். லித்துவேனியாவின் வில்னா நகரில் சிறுமியாக அச்சட்டியைத் தூக்கிச் சென்ற தாய் சொன்ன கதையே தன் கருவிக்குத் தூண்டுதல் என்று கூறியவர் சிக்காகோவில் வாழ்ந்த இர்விங் நக்ஸன். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940இல் பெற்றார். 'நக்ஸன் பீனரி' என்ற பெயரில் விற்ற அச்சட்டி பெரிதாகப் பேசப்படவில்லை. 1970இல் றைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் 'குறொக்பொட்' என்று பெயர் மாற்றி விற்றது. அமெரிக்கப் பெண்கள் பெருந்தொகையாக வேலைக்குச் செல்லத் தொடங்கிய காலம் அது. சட்டி அமோகமாக விற்றது.

செட்டைக்குத் தனி மதிப்பு வந்ததும் அதே நாட்டில்தான். நியூயோர்க் மாநிலத்தின் பபலோ நகரில் 'அங்கர் பார்' என்ற உணவகத்தில் 1964இல் தெரேசா பெலிசிமோ என்ற பெண்மணி, சூப்புக்கு ஒதுக்கப்படும் செட்டைகளைப் பொரித்து உறைப்புச் சாற்றில் புரட்டிக் கொடுத்ததே தொடக்கம் என்பர். (அது எந்தச் சூழலில் நிகழ்ந்தது என்பதில் அக்குடும்பத்தினரே வெவ்வேறு கதைகள் கூறியிருக்கின்றனர். நிருபர்களின் தலைவிதி எங்கும் ஒன்றே.) கிண்ணியாவில் செட்டையைத் தனியே வாங்கிச் சமைக்கும் வழக்கம் முன்பு இல்லை. முழுக்கோழியை அறுத்துத் துண்டாக்கினால் செட்டை இரண்டுதான். நெஞ்சும் காலும் விருந்தினருக்கும் வாப்பாவுக்கும் போகும். செட்டையும் கழுத்தும் பிள்ளைகளுக்கு. சமைத்தவளுக்குச் சட்டியில் எஞ்சியது.

செட்டை தனிப்பொருளாக விலைக்கு வந்தது இறைச்சிக்கோழிப் பண்ணைகளின் வரவால். இதிலும் திருகோணமலைக் குடாவுக்குப் பங்குண்டு. சிங்கப்பூரின் பிரைமா நிறுவனம் சீனக்குடாவில் கட்டிய பெரிய மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கோதுமையை மாவாக்கினால் தவிடு மிஞ்சும். தவிடு தீவனத்துக்கு ஆகும். அதே குழுமத்தின் சார்பில் 1982இல் சிலோன் கிரெய்ன் எலிவேற்றர்ஸ் நிறுவனம் தோன்றி, கோழித்தீவனத்திலும் குஞ்சு உற்பத்தியிலும் ஈடுபட்டது. ஆறு வாரத்தில் அறுப்புக்குத் தயாராகும் கோழி ஏழைவீட்டுக்கும் எட்டியது. எட்டியபோதே சுவையில் ஒரு பகுதி போயிற்று என்று முதியோர் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆண்டுக்கு இருமுறை பெருநாளில் மட்டும் கோழி உண்ட குடும்பங்களின் கதையையும் அவர்கள் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு செய்முறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. செட்டை 1 கிலோவைக் கழுவி ஈரம் ஒற்றி எடுத்துக்கொள்க. தேன் அல்லது துருவிய கருப்பட்டி 4 மேசைக்கரண்டி, கொச்சிக்காய்த்தூள் 1 மேசைக்கரண்டி, நசித்த உள்ளி 6 பல், இஞ்சி ஒரு துண்டு, மிளகுதூள் 1 தேக்கரண்டி, கட்டியான புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, அளவான உப்பு. இவற்றைப் பிசறி மின்சட்டியில் இட்டு மூடுக. நீர் ஊற்றவே கூடாது. மூடி ஆவியை வெளியே விடாது, செட்டையே நீர் விடும். குறைந்த சூட்டில் 3 முதல் 4 மணி நேரம் போதும். காலை முதல் மாலைவரை விட்டால் எலும்பு கழன்று கூழாகும். வேலைக்குச் செல்வோர் நேரக்கணிப்பான் உள்ள சட்டியை வாங்குவது நல்லது. உறைந்த இறைச்சியை அப்படியே இடாதீர்கள். சூடேறத் தாமதமானால் நுண்ணுயிர் பெருகும்.

இத்துடன் முடிந்துவிட்டதென்று எண்ணுவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. மின்சட்டியின் உள்ளே வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி பொன்னிறமாகிச் சிவக்க 140 பாகையேனும் வேண்டும். சீனி கருகி மணக்க அதனினும் கூட. ஆகவே வெந்த செட்டைகளை எடுத்துத் தட்டில் பரப்பி, கணப்படுப்பிலோ சிரட்டைத் தணலிலோ ஐந்து பத்து நிமிடம் வாட்ட வேண்டும். சட்டியில் எஞ்சிய சாற்றைத் தாச்சியில் ஊற்றி, பாகுபோல் வற்றும்வரை காய்ச்சி, செட்டைகளை அதில் புரட்டி எடுக்க வேண்டும். பழைய புரியாணிக்காரர் கிடாரத்தின் மூடிமேல் தணல் கொட்டித் தம் போடுவதும் மேலிருந்து சூடு கொடுக்கவே.

கிண்ணியாவில் இந்த மின்சட்டி எத்தனை வீடுகளுக்கு உதவும் என்பது வேறு வினா. வளைகுடா நாடுகளில் பணிப்பெண்களாக உழைத்துத் திரும்பிய கிழக்கு மாகாணப் பெண்கள் பலர் இத்தகைய கருவிகளை நன்கு அறிவர். அந்நிய வீட்டுக் குசினிகளில் அவற்றை நாள்தோறும் இயக்கியவர்கள் அவர்கள். தமது குசினிக்குத் திரும்பியபோது அங்கே காத்திருந்தது விறகடுப்பு. 2021 இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் எரிவாயு அடுப்புகள் வெடித்தன. 2022இல் எரிவாயுவே கிடைக்கவில்லை. வெற்றுக் கொள்கலன்களை வரிசையில் வைத்துவிட்டு மக்கள் நாட்கணக்கில் காத்திருந்தனர். அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. எரிவாயுவுக்கு மாறியிருந்த வீடுகள் பல விறகுக்கு மீண்டன. புகையை விழுங்கியவர்கள் பெண்களும் மடியிலிருந்த பிள்ளைகளும்.

மண்சட்டியில் விறகடுப்பில் ஆக்கிய கறிக்கு ஈடில்லை என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் எழுதும்போதெல்லாம் அந்தப் புகை எனக்கு நினைவுக்கு வருகிறது. சுவை உண்மை. ஆனால் அச்சுவைக்கு அடுப்பின் முன்னே குந்தியிருந்து இருமியவர் யாரென்று அவர்கள் எழுதுவதில்லை. 200 வாற்று மின்சட்டி நான்கு மணி நேரத்துக்கு ஓர் அலகு மின்சாரம்கூட எடுக்காது. புகையும் இல்லை, காவலிருக்கவும் வேண்டாம். நக்ஸனின் கருவியை நான் பாராட்டுவது இதற்காகவே.

இது எங்கள் உணவு, அது அவர்கள் உணவு என்று கோடு கிழிப்போரைப் பற்றியும் ஒரு சொல். 2013இல் ஹலால் முத்திரைக்கு எதிராக இந்நாட்டில் பிரசாரம் கொதித்தபோது, உணவுப் பொதியின் மீதிருந்த சிறு குறி ஊர்வலங்களின் கோஷமாயிற்று. அந்நாட்களில் செய்தி எழுதிக்கொண்டிருந்த எனக்கு, வேடரின் தேனும் கொச்சித் துறையின் காயும் வில்னா நகரத்துத் தாயின் சட்டியும் ஒரே கறியில் கலந்திருப்பதை விளக்க ஒரு பத்தி இடம் கிடைக்கவில்லை. பக்கம் முழுவதும் அறிக்கைகள் நிறைந்திருந்தன.

தேன் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க. கடைகளில் தேன் என்ற பெயரில் சீனிப்பாகும் விற்பனையாகிறது. ஐயமிருந்தால் கித்துள் கருப்பட்டியையே துருவிப் போடுங்கள். இந்தக் கறிக்கு அதன் புகைமணம் தேனைவிடப் பொருந்தும்.