போர்டோ ரெட் ஒயினை ருசி பார்ப்பது எப்படி? ஆட்டுக்கறி பொருந்துகிறது, மீன் ஏன் ஒத்துப்போவதில்லை?

வெள்ளை ஒயினில் வாசனை இல்லாத சிவப்பு நிறமியைக் கலந்து கொடுத்தால் கண்டுபிடித்துவிட முடியுமா? பிரான்ஸின் போர்டோவில் ஒயின் பற்றிப் படித்த 54 மாணவர்களிடமே இப்படி ஒரு சோதனை நடந்தது. நிறத்தைப் பார்த்ததும், ரெட் ஒயினுக்குச் சொல்லும் வாசனைகளைத்தான் பெரும்பாலும் எழுதிக் கொடுத்தார்கள். 2001-ல் வெளியான ஆய்வு இது. கண் சொல்வதை மூக்கு அப்படியே நம்பிவிடுகிறது.

அப்போ, ரெட் ஒயினை எதை வைத்து எடை போடுவது? வாயில் தெரியும் துவர்ப்பிலிருந்து தொடங்கலாம்.

துவர்ப்பு எங்கிருந்து வருது?

ரெட் ஒயினுக்குக் கருந்திராட்சையைத் தோல், விதையோடு சேர்த்தே புளிக்க வைப்பார்கள். அவற்றிலிருந்து இறங்கும் டானின், எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழவழப்பு குறைந்து, நாக்கும் ஈறும் வறண்ட மாதிரி இழுக்கும். பால் சேர்க்காத கடுந்தேநீரில் வருமே, அதேதான்.

போர்டோவின் இடது கரையில் உள்ள மெடோக், பொய்யாக் பகுதிகளில் கேபர்நே சோவினியோன் திராட்சை அதிகம். அதனால் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். வலது கரையின் செந்த் எமிலியோன், பொமெரோல் பகுதிகளில் மெர்லோ அதிகம். பொதுவாக இது கொஞ்சம் மென்மை.

ருசி பார்ப்பது எப்படி?

* ஒயின் 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். சூடு கூடினால் ஆல்கஹால் நெடி முந்திக்கொள்ளும். ரொம்பக் குளிர்ந்தால் துவர்ப்பு கடுமையாகத் தெரியும்.
* கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள். ஊதா கலந்த சிவப்பு என்றால் இளசு. செங்கல் நிறம் என்றால் வயதானது.
* சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.
* ஒரு சின்ன மடக்கு எடுத்து, சில நொடி வாயிலேயே வைத்திருங்கள். புளிப்பு எச்சில் ஊற வைக்கும்; துவர்ப்பு வறள வைக்கும். தொழில்முறை ருசியாளர்கள் பிறகு துப்பிவிடுவார்கள்.

எந்தச் சாப்பாடு பொருந்தும்?

பொய்யாக் ஆட்டுக்குட்டிக் கறியும், திராட்சைக் கொடிக் குச்சிகளை எரித்துச் சுட்ட மாட்டிறைச்சியும் அந்த ஊரின் பழக்கம். டானின் இறைச்சியின் புரதத்தோடும் ஒட்டுவதால் வாயில் இழுப்பு குறையும். கறியின் கொழுப்பும் திகட்டாது.

மீன் விஷயம் வேறு. ரெட் ஒயினில் உள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சி அடிக்கும் என ஜப்பான் ஆய்வாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள். ஆனாலும் போர்டோவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. விலாங்கு போலிருக்கும் லாம்ப்ரேயை அங்கே ரெட் ஒயினிலேயே குழம்பாக்கி, ரெட் ஒயினோடுதான் சாப்பிடுகிறார்கள்.

மிளகாய்க் காரத்தோடு குடித்தால்? ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும்.

லேபிளை நம்பலாமா?

சில பாட்டில்களில் 1855 என்று இருக்கும். பாரிஸ் கண்காட்சிக்காக, அப்போதைய சந்தை விலையை வைத்துப் போட்ட தரவரிசை அது. உங்கள் தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது.

கடைசியாக ஒன்று. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார அமைப்பு 2023-ல் தெரிவித்தது. ஒயினுக்கும் அது பொருந்தும்.